அண்ணன் ராஜகிரி ஏறிய நாள்

செஞ்சி
15.6.1969

பிரியமுள்ள கெங்கம்மா அண்ணிக்கு ரத்னா எழுதுவது. நான் சுகம். நீங்களும் அண்ணனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து என்னைச் செஞ்சிக்கு மாற்றிவிட்டார்கள். வந்து பதினெட்டு நாள் ஆகிறது. பிரசவ வார்டில் ஆறு கட்டில், ஒரு ஆயா, நான். டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். மற்ற நாளெல்லாம் என் ராஜ்யம்.

இந்த ஊரைப் பற்றி என்ன சொல்ல! நம் குப்பத்தில் எங்கே நின்று பார்த்தாலும் தண்ணீர். இங்கே எங்கே நின்று பார்த்தாலும் கல். ஒவ்வொரு கல்லும் நம் வீட்டைவிடப் பெரியது. யாரோ வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. அந்தக் கற்களுக்கெல்லாம் மேலே, மேகம் இறங்குகிற உயரத்தில், பழைய ராஜாக்கள் கட்டின கோட்டை. ராஜகிரி என்று பேர். போன ஞாயிற்றுக்கிழமை ஆயாவோடு உச்சிவரை ஏறிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் கஷ்டமில்லை. சுலபமாகத்தான் இருந்தது.

வழக்கம்போல கவரைப்பேட்டை பக்கத்து ஆரணிக்கு, உங்கள் அம்மா வீட்டு முகவரிக்கே இதை அனுப்புகிறேன். குப்பத்துக்கு வந்த என் கடிதங்களை அண்ணன் பிரிக்காமலே கிழித்துப்போட்டதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நான் நர்ஸ் படிப்புக்கு மெட்ராஸ் பஸ் ஏறி எட்டு வருஷம் ஆகிவிட்டது. மணவாளனுக்கு என்னைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, பெண் இல்லாமல் ஊர்ப் பஞ்சாயத்தில் தலைகுனிந்து நின்றவர் அண்ணன். அவர் கோபம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘எனக்குத் தங்கச்சியே இல்ல’ என்றாராமே, அதை மட்டும் மறக்க முடியவில்லை.

அண்ணன் எப்படி இருக்கிறார்? கடல் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உங்கள் ரத்னா


ஆரணி
20.7.1969

கண்ணு ரத்னாவுக்கு, அண்ணி கெங்கம்மாள் எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து ஒரு மாதம் இங்கேயே கிடந்திருக்கிறது. அம்மாவைப் பார்க்க நேற்றுத்தான் வர முடிந்தது. கோபித்துக்கொள்ளாதே.

நான்கு முறை படித்தேன். வீட்டைவிடப் பெரிய கல்லா! கல் என்றால் எனக்கு அம்மிக்கல்தான் தெரியும்.

மணவாளனுக்கு இரண்டாவதும் பெண் பிறந்திருக்கிறது. அவன் பெண்சாதி எல்லம்மா நல்ல மாதிரி. உன்மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ‘அது போனதுனாலதான் எனக்கு எல்லம்மா கெடச்சா’ என்று என்னிடமே சிரித்துக்கொண்டு சொல்கிறான்.

உன் அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடலில் மீன் குறைவு என்பதால் இப்போது பழவேற்காட்டு ஏரியில்தான் வலை போடுகிறார். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி இறால், மடவை என்று ஏதோ கிடைக்கிறது. கவலைப்படாதே. வேளைக்குச் சாப்பிடு. ஆஸ்பத்திரி வேலை என்று பட்டினி கிடக்காதே.

உன் அண்ணி,
கெங்கம்மாள்


செஞ்சி
28.7.1969

அன்புள்ள அண்ணிக்கு ரத்னா. நான் நலம். நீங்கள் நலமா என்று இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

எட்டு வருஷமாக ஊசியும் கையுமாக இருந்தாலும் நான் குப்பத்தில் பிறந்தவள். ஆனியும் ஆடியும் மீன் குறைவான மாதமா? பழவேற்காட்டுக் கரையில் அலை தாண்டுவதற்கு அண்ணனைவிட்டால் ஆள் கிடையாது என்று அப்பா உயிரோடு இருந்தபோதே சொல்வார்கள். பெண்களும் கிழவர்களும் வலை போடுகிற ஏரித் தண்ணீரில் அவர் நிற்கிறார் என்றால், உங்கள் கடிதத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

அவருக்கு உடம்பா, மனசா? எதுவானாலும் சொல்லுங்கள். நான் நர்ஸ். அவர் இல்லை என்று சொன்னாலும், அவருடைய தங்கையும்தான்.

ரத்னா


ஆரணி
31.8.1969

ரத்னாவுக்கு அண்ணி எழுதுவது. நீ கேட்டது ரொம்ப நாளாக என் தொண்டையில் நிற்கிறது. தூரத்தில் தனியாக இருப்பவளை எதற்குக் கலங்கவைப்பது என்றுதான் எழுதாமல் இருந்தேன்.

போன கார்த்திகையில் காற்று திடீரென்று கிளம்பிய அன்று, உன் அண்ணனும் அப்பாவுவும் கட்டுமரத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுவை உனக்குத் தெரியாதா, உன் அண்ணனோடு இருபது வருஷமாக ஒரே மரத்தில் போனவர். கரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அலை அடித்து மரத்தைப் புரட்டிவிட்டது. உன் அண்ணன் கரையேறினார். அப்பாவு வரவில்லை. மூன்றாம் நாள் காட்டுப்பள்ளிப் பக்கம் உடம்புதான் கரை ஒதுங்கியது.

அன்றிலிருந்து உன் அண்ணன் கடலில் காலை வைக்கவில்லை. விடியற்காலையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போவார். அலை வந்து பாதத்தைத் தொடும். அப்படியே நிற்பார். பிறகு திரும்பி வந்துவிடுவார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டேன். அப்பாவு பெண்சாதி மணியம்மாள் வீட்டுப் பக்கம் போவதே இல்லை. அந்தத் தெருவைத் தவிர்க்க ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வருகிறார். ஊரில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அவர் உயிரோடு வந்ததற்கு மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். பத்து மாதமாக அந்த வேண்டுதலை நிறைவேற்றப் போகவும் முடியவில்லை.

என்ன மருந்து இருக்கிறது இதற்கு? எழுது.

கெங்கம்மாள்


செஞ்சி
7.9.1969

அண்ணிக்கு ரத்னா. அப்பாவு அண்ணனை நினைத்து இரண்டு நாளாக அழுகை வருகிறது. எனக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். ஏரியில் தூக்கிப்போட்டுவிட்டுப் படகில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்.

மருந்து என்று பாட்டிலில் ஒன்றும் இல்லை. ஆனால் மேல்மலையனூர் இங்கிருந்து பக்கம்தான். புரட்டாசி அமாவாசைக்கு ஊரோடு சேர்த்து அவரை அழைத்துவாருங்கள். சாமி கும்பிட்டுவிட்டு மறுநாள் காலையில் கோட்டை பார்க்க வாருங்கள். நான் இங்கே இருப்பதை அவரிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் வரமாட்டார்.

பார்த்ததும் திட்டினால் திட்டட்டும். திட்டுவதற்காவது என்னிடம் பேச வேண்டுமே.

ரத்னா


ஆரணி
28.9.1969

என் கண்ணு ரத்னாவுக்கு அண்ணியின் ஆசீர்வாதம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஏனென்றால் நீ நலமாக இருந்தாக வேண்டும். நாங்கள் வருகிறோம்!

நான் ஒருத்தி என்ன செய்வது என்று மணவாளனிடம் போய் நின்றேன். உன் பேரைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. அவன் வலை பின்னிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“ரத்னா கூப்டுதா?”

“ஆமாப்பா. உனக்கு மனசுல ஒண்ணும் இல்லன்னா...”

“மனசுல இன்னா கீது? அண்ணன் இந்த மாதிரி இடிஞ்சி ஒக்காந்துகினு கீறத என்னாலயும் பாக்க முடியல. நீ சொம்மா இரு. வண்டிய நான் பாத்துக்கறேன்.”

கவரைப்பேட்டை ரைஸ் மில்காரர் ஒருவருக்குப் பஸ் இருக்கிறதாம். அதைப் பேசி முடித்துவிட்டான். முப்பத்திரண்டு பேர் வருகிறோம். எல்லம்மா கைக்குழந்தையோடு வருகிறாள்.

உன் அண்ணனிடம் நான்தான் சொன்னேன். மலையனூர் என்றதும் சரி என்றார். கோட்டை என்றதும் முகத்தைச் சுளித்தார்.

“கல்லப் பாக்கறதுக்கு அம்மாந்தூரம் போவணுமா?”

“தண்ணியத்தான் தெனமும் பாக்கறமே.”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். தண்ணீர் என்று சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

ரத்னா, எனக்கு ஒரு பயம் இருக்கிறது. உன்னைக் கண்டதும் அவர் திரும்பிப் பஸ்ஸில் ஏறிவிட்டால், ஊரே பார்க்க உனக்கு அவமானம் ஆகிவிடும். இப்போதுகூட வேண்டாம் என்றால் வேண்டாம். உன் பதில் வருவதற்குள் நான் குப்பத்துக்குப் போய்விடுவேன். ஆகவே பதில் எழுதாதே. பதினொன்றாம் தேதி சனிக்கிழமை காலை கோட்டை வாசலில் நீ நின்றால் அதுதான் பதில்.

கெங்கம்மாள்


செஞ்சி
12.10.1969

அன்பு அண்ணிக்கு ரத்னா எழுதுவது. நேற்று மாலை பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பாலத்தாண்ட இன்னாதான் நடந்தது?” என்று கேட்டீர்கள். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டான். அதற்குப் பதில் இதோ. நீங்கள் எல்லோரும் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காலை ஆறு மணிக்கே வாசலுக்கு வந்துவிட்டேன். வெள்ளை யூனிபாரத்தில் வரலாமா, புடவையில் வரலாமா என்று இரண்டு முறை மாற்றிக்கொண்டு கடைசியில் புடவையில் வந்தேன். சீத்தாப்பழம் விற்கிற கிழவிகள் கூடையை இறக்குவதற்கு முன்னால் நான் அங்கே இருந்தேன். பஸ் எட்டேகாலுக்குத்தான் வந்தது. ஜன்னலில் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். காதோர மயிரெல்லாம் நரைத்துவிட்டது. நீங்கள் எழுதவே இல்லையே!

இறங்கினார். என்னைப் பார்த்தார். நீங்கள் பின்னால் நின்றதால் அவர் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கோபம் ஒன்றும் இல்லை அண்ணி. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லவேளை, நீங்கள் ‘வாங்க வாங்க, வெயில் ஏறிடும்’ என்று முன்னால் நடந்துவிட்டீர்கள். முப்பது பேர் நடந்தால் அவரும் நடக்கத்தானே வேண்டும்.

கோட்டைக் காவல்காரர் சின்னராசு ஓடிவந்ததைப் பார்த்தீர்கள். அவர் பெண்சாதிக்கு ஆவணியில் இரட்டைக் குழந்தை. இரண்டாவது குழந்தைக்குக் கால் முன்னால் வந்துவிட்டது, டாக்டரம்மா ஊரில் இல்லை. நான்தான் பார்த்தேன். மூன்று பேரும் பிழைத்தார்கள். அதனால்தான் மனுஷர், “நர்ஸம்மா ஊர்க்காரங்களா! வாங்க வாங்க” என்று அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே களஞ்சியத்துக் கதவையெல்லாம் திறந்துவிட்டார். நெல் கொட்டிவைத்த அந்தப் பெரிய இருட்டு மண்டபத்தில் நம் பெண்கள் குலவை போட்டு எதிரொலி கேட்டார்களே, அப்போது அண்ணன் எங்கே நின்றார் தெரியுமா? சின்னராசுவின் பக்கத்தில். அண்ணன் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

“ரெண்டையும் இதுவேதான் எடுத்ததா?”

“ஆமா சாமி. உங்களுக்கு இன்னா வேணும் அவங்க?”

அண்ணன் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஏறும்போது நான் கடைசியாக வந்தேன். அண்ணன் எனக்குப் பத்துப் படி முன்னால். ஏழு வாசல் தாண்டியும் ஒரு வார்த்தை இல்லை. பிறகு அந்தப் பிளவு வந்தது. மலை இரண்டாக வெடித்துக் கிடக்கிற இடம். மேலே மரப்பாலம், கீழே அறுபதடிப் பள்ளம். நீங்கள் எல்லம்மாவின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே கடந்துபோனீர்கள். மணவாளன் நடுவில் நின்று குதித்துக் காட்டினான். எல்லோரும் போய்விட்டார்கள்.

அண்ணன் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். “நீங்க போங்க, பீடி புடிச்சிட்டு வரேன்” என்று குரல் மட்டும் கொடுத்தார். பீடியை எடுக்கவில்லை. காற்று கீழே இருந்து பள்ளத்தில் உறுமிக்கொண்டு ஏறியது. அண்ணி, அது அலை உடைகிற சத்தம் மாதிரியே இருக்கும். அவர் கால்விரல்கள் பாறையை இறுக்கிப் பிடித்திருந்தன. ஆடுசதை துடித்துக்கொண்டிருந்தது. அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வார்டில் பழகிய கை, தானாகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது. உதறிவிடுவார் என்று நினைத்தேன். உதறவில்லை.

“நாடி பாக்கறியா?” என்றார். எட்டு வருஷத்தில் முதல் வார்த்தை.

“ஆமாண்ணா.”

“இன்னா சொல்லுது?”

“ஓடுது. ரொம்ப வேகமா ஓடுது.”

பள்ளத்தைப் பார்த்தபடியே சொன்னார். “அப்பாவு கைய இப்டித்தான் புடிச்சிருந்தேன் ரத்னா. ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தேன். ஈரக் கையி. இன்னொரு அல வந்தது. வழுக்கிகினு பூட்டான்.”

இதை அவர் யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று தெரியாது. உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் ‘உன் மேல தப்பில்ல’ என்று சொல்லவில்லை. அதை ஊரே சொல்லிவிட்டது.

என் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் நான் எழுதாத கதை. கடலூரில் நான் தனியாகப் பார்த்த முதல் பிரசவம். குழந்தை பிழைத்தது, தாய் போய்விட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். மறுநாள் காலை வார்டு மணி அடித்தது, இன்னொருத்தி வலியோடு வந்திருக்கிறாள். நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

“அப்பறம்?” என்றார் அண்ணன்.

“உள்ள அந்தப் பொம்பள கத்தினா. கால் நடுங்குது, நடுங்கினே போனேன். கை நடுங்குது, நடுங்கினேதான் கொழந்தய எடுத்தேன். பொம்பளப் புள்ள. ரெண்டே முக்கால் கிலோ.”

“நடுக்கம் எப்ப நின்னுது?”

“எங்கண்ணா நின்னுது? சின்னராசு பொண்டாட்டிக்குக் காலு முன்னால வந்தப்பகூட நடுங்கிச்சி.”

அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை, விரல், நகம் என்று எல்லாவற்றையும் பார்த்தார், ஏதோ புதிதாக வாங்கிய சாமானைப் பார்ப்பது போல. அப்போது நான் இன்னொன்றும் ஒத்துக்கொண்டேன். ஜூன் மாதம் உங்களுக்கு எழுதினேனே, மலை ஏறினேன், சுலபம் என்று. பொய் அண்ணி. இந்தப் பாலத்தை நான் முட்டிக்கால் போட்டுத் தவழ்ந்துதான் கடந்தேன். ஆயா பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“தவழ்ந்தியா?”

“கொழந்த மாதிரி.”

அண்ணன் சிரித்தார். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். நீங்கள் மேலே இருந்து எட்டிப் பார்த்தது அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான்.

எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். “நான் முன்னால போறேன். நீ பின்னால வா. தவழ்ந்தன்னா ஒதப்பேன்” என்றார். பலகையில் காலை வைத்தார். ஆடுசதை அப்போதும் துடித்துக்கொண்டுதான் இருந்தது. நடுப்பாலத்தில் ஒரு தரம் நின்றார். எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் அவர் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். “ரத்னா, தே பாரு” என்றார். பள்ளத்துக்குள் ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் முதுகு வெயிலில் செம்பு மாதிரி மின்னியது. “இத்தினி வருசம் பருந்த அடியிலேந்துதான் பாத்துகினு இருந்தேன்” என்றார். பிறகு சாவகாசமாக மீதிப் பாலத்தை நடந்து கடந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். உச்சியில் பீரங்கி பக்கத்தில் நின்று துண்டைத் தூக்கிப் பிடித்தாரே, அது தென்மேற்காகப் பறந்ததே, “காத்து திரும்பிடிச்சிடா மணவாளா, வாட எறங்குது” என்றாரே, மணவாளன் நம்பாமல் எச்சில் விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தானே. சுற்றிலும் ராஜாக்களின் மதில் சுவர், கீழே கடலைக்கொல்லை, கண்ணுக்கெட்டிய வரை பாறை. அதன் நடுவில் நின்றுகொண்டு நம் ஆட்கள் எல்லோரும் வாடைக் காற்றோடு வருகிற இறாலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்!

பஸ் ஏறும்போது என்னிடம் அவர் சொன்னது, “ஒயுங்கா துன்னு. எளச்சிப் பூட்ட.” அவ்வளவுதான். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

போதவில்லை என்பது ராத்திரிச் சோற்றின்போதுதான் தெரிந்தது.

உங்கள் ரத்னா


செஞ்சி
2.11.1969

அண்ணிக்கு ரத்னா. எல்லோரும் சுகமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஆரணிக்கு நீங்கள் வந்திருக்கமாட்டீர்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரேடியோவில் இரண்டு நாளாகக் கடலோரத்தில் பலத்த காற்று என்கிறார்கள். இங்கேயும் மழை. ராஜகிரி மேகத்துக்குள் போய்விட்டது. அன்றைக்கு உற்சாகத்தில் நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? அவரைத் தேவையில்லாமல் உசுப்பிவிட்டேனா? கல்மேல் இருக்கிற பாலம் வேறு, கடல் வேறு. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஒரு வரி போதும். உடனே எழுதுங்கள்.

ரத்னா


சின்னத்துறைக் குப்பம், பழவேற்காடு
5.11.1969

என் தங்கமே ரத்னாவுக்கு அண்ணி கெங்கம்மாள் எழுதுவது. கடிதம் எங்கிருந்து வருகிறது என்று மேலே பார்த்தாயா? குப்பத்திலிருந்து! உன் இரண்டு கடிதத்தையும் அம்மா ஆள் மூலம் இங்கேயே கொடுத்தனுப்பிவிட்டாள். உன் அண்ணன் இருக்கும்போதே படித்தேன். இப்போதும் அவர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். “இன்னா எய்தற?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். செஞ்சியிலிருந்து வந்த எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வழக்கம்போல வலையை எடுத்துக்கொண்டு போனார். நான் வழக்கம்போலப் பார்க்காத மாதிரி இருந்தேன். ஆனால் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, எல்லம்மாவோடு பின்னாலேயே கரைக்குப் போனேன். மணவாளன் மரத்தைக் கட்டித் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். ஊரில் அன்றைக்கு எல்லோருக்கும் கரையில்தான் வேலை. ஒருத்தி காய்ந்த கருவாட்டையே மறுபடியும் காயவைக்கிறாள். இன்னொருத்தர் நல்ல வலையைத் தைக்கிறார். ஒருவரும் அவரை நேராகப் பார்க்கவில்லை.

அலை வந்து பாதத்தைத் தொட்டது. நின்றார். இரண்டாவது அலை. நின்றார். நான் மண்ணை அள்ளிக் கையில் இறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது அலை வருவதற்குள் மணவாளனைப் பார்த்து ஏதோ சொன்னார். இரண்டு பேரும் மரத்தைத் தள்ளினார்கள். முதல் அலை உடைகிற இடத்தில் மரம் செங்குத்தாக எழும்பியது. ஆள் தெரியவில்லை. எல்லம்மா என் தோளைக் கடித்துவிட்டாள், தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு பார்த்தால் மரம் அலைக்கு அந்தப் பக்கம்! உன் அண்ணன் நின்றுகொண்டு துடுப்புப் போடுகிறார்! ரத்னா, கருவாடு காயவைத்தவள், வலை தைத்தவர், எல்லோரும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கத்தினார்கள் பார், பழவேற்காடு கடைத்தெருவரை கேட்டிருக்கும்.

கிளம்பும்போது அவர் என்ன சொன்னார் என்று மணவாளனை அப்புறம் கேட்டேன். “நடுங்குதுடா, தள்ளு” என்றாராம்.

உச்சிப்பொழுதுக்கு வந்து சேர்ந்தார்கள். வஞ்சிரமும் பாறை மீனும் கூடை நிறைய. முதல் மீனை, இருந்ததிலேயே பெரிய வஞ்சிரத்தை, உன் அண்ணன் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். ஏரிக்கரையைச் சுற்றவில்லை. நேராக அப்பாவு வீட்டுத் தெருவில் போனார். நானும் பின்னாலேயே போனேன். மணியம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மீனை அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றார்.

அவள்தான் முதலில் கேட்டாள். “நாளிக்கும் போவியா?”

“போவேன்.”

“நெசமா?”

“நெசமாத்தான் மணியம்மா.”

அவள் எழுந்து உள்ளே போனாள். அப்பாவுவின் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். “சொம்மா செவுத்துல சாஞ்சிகினு கீது. எத்துகினு போ. ஏரித் தண்ணியில மட்டும் போட்டுடாத, அந்த மனுசன் ஒத்துக்கமாட்டாரு” என்றாள். அப்போதுதான் உன் அண்ணன் அழுதார். பதினொரு மாதத்தில் அன்றுதான் அழுதார். மணியம்மாளும் அழுதாள், அழுதுகொண்டே மீனை நறுக்க உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு காற்றும் மழையும் விடாத நாட்களைத் தவிர ஒரு நாளும் நிற்கவில்லை. அதனால்தான் எனக்கு எழுத நேரம் இல்லை. மீனுக்கு உப்புப் போட்டே கை வெந்துவிட்டது. தவறு செய்துவிட்டேனா என்று கேட்கிறாய். பைத்தியக்காரி!

இதோ, உன் அண்ணன் பேனாவைக் கேட்கிறார். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு பேனாவைத் தொட்டவர் இல்லை. என்னைத் தள்ளி உட்காரச் சொல்கிறார். தனித் தாள் வேண்டுமாம். பார்க்கக் கூடாதாம்.

கெங்கம்மாள்


ரத்னாவுக்கு செங்கல்வராயன் எய்துவது. சொகம். நீ சொகமா.

உங்க ஊர் கோட்ட நல்ல கோட்ட. பாலம் சின்னப் பாலம்தான்.

எங்கிட்ட எவன் வந்து ரத்னா உனக்கு இன்னா வேணும்னு கேட்டாலும் இப்ப பதில் சொல்றேன். எந்தங்கச்சி நர்ஸு. செஞ்சி பெரிய ஆஸ்பத்திரி. ரெட்டப் புள்ள எடுத்தவ. கடத்தெருவுல எல்லாருக்கும் சொல்ட்டேன். அன்னிக்கி அந்தக் கோட்டக் காவக்காரருக்கு சொல்லாம உட்டது எனக்கு ஒறுத்துகினே கீது. நீ பாத்தா சொல்லிடு.

லீவு போட்டுட்டு வா. நம்ம ஊடு. நீ வரணும்னு நான் சொல்றேன். மணியம்மாளும் கேக்குது.

பஸ்சு பதினோரு மணிக்கி வரும். உங்க அண்ணி வந்து நிக்கும். என்ன தேடாத. நான் கடலுக்குப் பூட்டிருப்பேன். கரையில நில்லு. வந்துருவேன்.